ஐடிக்குள் என்னத்தை எழுதி வைப்பது?

ஐடி என்று இங்கே நான் சொல்வது, சிஸ்டத்தில் ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்தை. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்கள் இதை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். ஃபைல்களைப் போட்டு வைக்கும் ஒரு எஸ்3 பக்கெட்டின் பாலிசியில் (யார் தொடலாம் என்ற விதிகளில்) இன்ன ஐஏஎம் ரோலுக்கு (அப்ளிகேஷன் போட்டுக்கொள்ளும் அனுமதி வேடத்துக்கு) அனுமதி உண்டு என்று அந்த ரோலின் ஏஆர்என்னை, அதாவது முழுப் பெயரை, போட்டு வைத்திருக்கிறோம். யாரோ டெராஃபார்மில் (எழுதி வைத்தபடி கிளவுடை அமைக்கும் கருவியில்) எதையோ மாற்றப்போக, அந்த ரோல் அழிந்து, அதே அக்கவுன்ட்டில் அதே பெயரில் எழுத்துப் பிசகாமல் அதே ஏஆர்என்னுடன் திரும்ப முளைக்கிறது. அடுத்த நிமிடம் அப்ளிகேஷன் ஆக்சஸ் டினைட் என்று கத்த ஆரம்பிக்கிறது. பாலிசியைத் திறந்து பார்த்தால் நாம் எழுதிய ஏஆர்என்னைக் காணோம். ஏஆர்ஓஏ என்று தொடங்கும் வாயில் நுழையாத நீளமான ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். பாலிசியின் பிரின்சிபல் பகுதியில் (யாருக்கு அனுமதி என்று எழுதும் இடம்) ரோலின் பெயரை எழுதிச் சேமிக்கும்போதே ஏடபிள்யூஎஸ் அதை அந்த ரோலின் உள் ஐடியாக மாற்றி வைத்துக்கொள்கிறது. ரோல் உயிரோடு இருக்கும்வரை நமக்குக் காட்டும்போது மறுபடி பெயராக்கிக் காட்டும். ரோல் போய்விட்டால் பெயராக்க வழியில்லை, உள்ளே இருக்கும் ஐடி வெளியே தெரிந்துவிடுகிறது. புதிதாக வந்த ரோலுக்குப் பெயர் பழையது, ஐடி புதியது. அதனால் பழைய அனுமதி அதற்குச் செல்லாது. பாலிசியில் அதே ஏஆர்என்னை மறுபடி எழுதிச் சேமித்தால் தீர்ந்தது.

இதைத் திட்டாத ஆள் இல்லை. எனக்கென்னவோ இது ஏடபிள்யூஎஸ் சரியாகச் செய்த காரியங்களில் ஒன்று. உங்கள் பக்கெட்டை வேறொரு கம்பெனியின் அக்கவுன்ட்டில் இருக்கும் ஒரு ரோலுக்குத் திறந்துவிட்டிருக்கிறீர்கள், அவர்கள் அந்த ரோலை அழித்துவிட்டார்கள், இரண்டு வருடம் கழித்து அங்கே புதிதாக வந்த யாரோ ஒருவர் முற்றிலும் வேறு வேலைக்காகத் தற்செயலாக அதே பெயரில் ஒரு ரோல் உருவாக்குகிறார் என்று வையுங்கள். பெயரை வைத்து மட்டும் பார்த்தால் உங்கள் டேட்டா அவருக்குத் திறந்துவிடும். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் திறந்துவிடும். (அதே பாலிசியில் கண்டிஷன் பகுதியில் பிரின்சிபல் ஏஆர்என்னை ஒப்பிட்டு எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அங்கே நடப்பது வெறும் எழுத்து ஒப்பீடு. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் ரோல் பிரச்சினையைத் தவிர்க்க கண்டிஷனுக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர்.)

பல மெஷின்களில் பரவி ஓடும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டத்தில் ஐடி தேர்வு என்றதும் எல்லோரும் யூயூஐடியா ஸ்னோஃபிளேக்கா (இரண்டும் ஐடி உருவாக்கும் முறைகள், பின்னால் வருகின்றன) என்று சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. ஐடிக்குள் எந்தத் தகவலை வைக்கப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. என் கட்சி இது: அந்தப் பொருளின் ஆயுசுக்கும் மாறாத தகவல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வைக்கலாம், இல்லாவிட்டால் வைக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் தேறுவது இரண்டே இரண்டு. அது என்ன வகைப் பொருள், எப்போது பிறந்தது. ரீஜன் (டேட்டா சென்டர் இருக்கும் வட்டாரம்) மாறும், டீம் மாறும், உரிமையாளர் மாறுவார், ஸ்டேஜிங் (சோதனைக் களம்) என்று தொடங்கியது ஒருநாள் புரொடக்‌ஷன் ஆகி நிற்கும் (நிற்கும், பார்த்திருக்கிறோம்). பெயர் மாறுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பல மெஷின்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக்கி அதில் அப்ளிகேஷன்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் இதில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், ஒரு யூஐடி (சிஸ்டமே தரும் ஐடி). ஒரு நேம்ஸ்பேஸுக்குள் (கிளஸ்டரின் ஒரு தனிப் பிரிவு) ஒரே வகையில் ஒரு பெயர் ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்குத்தான் இருக்கலாம். அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளலாம். யூஐடி அந்த கிளஸ்டரின் ஆயுளில் திரும்ப வராது. பாட் என்பது அங்கே ஓடும் அப்ளிகேஷனின் ஒரு பிரதி. பாட்களுக்கு நிலையான பெயர் தரும் ஸ்டேட்ஃபுல்செட்டில் வெப்-0 என்ற பாட் செத்து மறுபடி வெப்-0 ஆகவே பிறக்கும்போது, நமக்கு அது அதே ஆள் மாதிரி தெரிந்தாலும் அது ஓடும் மெஷினான நோடில் போய்ப் பார்த்தால், பாட்களைக் கவனிக்கும் குபெலெட் தன் டைரக்டரிகளை யூஐடி பெயரில்தான் வைத்திருக்கும். பழைய வெப்-0வின் மிச்சமும் புது வெப்-0வின் வால்யூமும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது இதனால்தான்.

இன்னும் அழகான இடம் ஓனர் ரெஃபரன்ஸ். ஒரு பாடின் சொந்தக்காரர் யார் என்று எழுதும்போது பெயரோடு யூஐடியையும் எழுத வேண்டும். ஒரு கிளஸ்டரிலிருந்து யாமலை (பொருளின் விவரம் எழுதிய ஃபைலை) அப்படியே இறக்கி, இந்த ஓனர் ரெஃபரன்ஸை நீக்காமல் இன்னொரு கிளஸ்டரில் போட்டுப் பாருங்கள். போட்டது உருவாகும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். மறுபடி போட்டால் மறுபடி காணாமல் போகும். பேய் பிசாசு எதுவும் இல்லை, கேட்பாரற்றதைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர்தான். அந்த யூஐடி கொண்ட சொந்தக்காரர் இந்த கிளஸ்டரில் இல்லை, ஆகவே இது அநாதை என்று முடிவுகட்டித் துடைத்துவிடுகிறது. அதே பெயரில் ஒரு சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட்டுக்கு மூன்று அடையாளம். காட்டுவதற்கான பெயர், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 6 முதல் 30 எழுத்துக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் புராஜெக்ட் ஐடி, அதை மாற்ற முடியாது, புராஜெக்ட்டை அழித்த பிறகும் வேறு யாருக்கும் அது கிடைக்காது. அப்புறம் கூகுளே தரும் ஒரு எண். முதலில் பார்க்கும்போது எதற்கு மூன்று என்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மனிதனுக்கு ஒன்று, ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று, சிஸ்டத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூர் வேறு வழியில் போனது. அங்கே ரிசோர்ஸ் ஐடி என்பது ஒரு முழு விலாசம்: சப்ஸ்கிரிப்ஷன், அதற்குள் ரிசோர்ஸ் குரூப், அதற்குள் புரொவைடர், கடைசியில் பெயர். படிக்க நன்றாக இருக்கும், பார்த்ததும் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு ரிசோர்ஸை ஒரு குரூப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அதன் ஐடியே மாறிவிடும். அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், டாஷ்போர்டு, அலெர்ட் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அந்த ரிசோர்ஸின் மேல் நேரடியாகக் கொடுத்திருந்த ரோல் அசைன்மென்ட் (அனுமதி) கூடவே வராது. பழைய விலாசத்தில் அநாதையாக நிற்கும், புது இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். டி.என். 09 என்று நம்பர் பிளேட்டிலேயே ஆர்டிஓவை எழுதி வைத்த வண்டியின் கதைதான். பெங்களூருவுக்குக் குடிபோய் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே ஓட்டினால் நம்பரை மாற்றியாக வேண்டும், மாற்றினால் இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டாக் என்று ஒவ்வொன்றாகத் திருத்த அலைய வேண்டும். அதே ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் நம்பர் இந்த ரகளை எதிலும் சம்பந்தப்படாமல் சும்மா இருக்கும். அடிக்கடி மாற்றலாகும் ஊழியர்களுக்காக மாநிலப் பெயரே இல்லாத பி.எச். வரிசையை 2021இல் கொண்டுவந்தார்கள்.

ஐடிக்குள் அர்த்தம் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அந்த ஐடியை வெளியாள் ஊகித்துவிடலாம். எஸ்3 பக்கெட் பெயர்கள் உலகம் முழுக்கப் பொது. ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது, ஆனால் அழித்துவிட்டால் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். கிளவுட்ஃபார்மேஷன் (டெம்ப்ளேட்டில் எழுதியதையெல்லாம் ஸ்டாக் என்ற ஒரே தொகுதியாக உருவாக்கும் சேவை) டெம்ப்ளேட்டுகளைப் போட்டு வைக்க ஏடபிள்யூஎஸ்ஸே தானாக ஒரு பக்கெட் உருவாக்கும். அதன் பெயரில் ஒரு முன்னொட்டு, அக்கவுன்ட்டுக்கு ஒன்று என்று இருக்கும் ஒரு ஹாஷ் (கணக்கிட்டு எடுத்த எழுத்துச் சரம்), கடைசியில் ரீஜன். ஹாஷ் எல்லா ரீஜனிலும் ஒன்றே. ஆக ஒரு ரீஜனில் உங்கள் பக்கெட் பெயரைத் தெரிந்துகொண்ட ஒருவர், நீங்கள் இன்னும் கால் வைக்காத ரீஜன்களில் அதே பெயரை முன்கூட்டியே பிடித்து வைக்கலாம். நீங்கள் அங்கே முதன்முதலாக ஒரு ஸ்டாக் உருவாக்கும் நாளில் உங்கள் டெம்ப்ளேட் அவருடைய பக்கெட்டில் போய் விழும். அக்வா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் 2024இல் இதை வெளியே சொன்னார்கள், ஏடபிள்யூஎஸ் அடைத்துவிட்டது. உங்கள் சொந்த புரோகிராமில் இது போன்ற பெயர்கள் இருந்தால், எஸ்3 அழைப்புகளில் பக்கெட் சொந்தக்காரர் இன்ன அக்கவுன்ட்டாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு ஹெடர் (அழைப்போடு போகும் குறிப்பு) இருக்கிறது, அதைச் சேர்த்துவிடுங்கள். பெயர் சரியாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும் என்று நம்புவதை அது நிறுத்தும்.

சரி, மாறாத இரண்டில் முதலாவது வகை. இதை ஐடியின் முன்னால் இரண்டு மூன்று எழுத்தாகப் போடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஏடபிள்யூஎஸ் மெஷின்களை வாடகைக்குத் தரும் இசி2வில் மெஷினுக்கு ஒரு முன்னொட்டு, வால்யூமுக்கு (டிஸ்க்) ஒன்று, ஸ்னாப்ஷாட்டுக்கு (அதன் நகல்) ஒன்று என்று பல வருடமாக இருக்கிறது. பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப்பிலும் வாடிக்கையாளர் ஐடிக்கு ஒரு முன்னொட்டு, கட்டணத்துக்கு வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு லாகில் (சிஸ்டத்தின் பதிவேட்டில்) ஒரு ஐடியைப் பார்த்து இது ஆர்டரா, பேமென்ட்டா, யூசரா என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்க வேண்டாம். ஆர்டர் ஐடி வர வேண்டிய இடத்தில் யூசர் ஐடியை அனுப்பினால் ஏபிஐ (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) முதல் வரியிலேயே மறுத்துவிடும். எல்லாமே வெறும் யூயூஐடியாக இருந்தால் அது டேட்டாபேஸ் வரை போய், கிடைக்கவில்லை என்ற பதிலோடு திரும்பி வரும், நீங்கள் இல்லாத ஆர்டரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முன்னொட்டுக்கும் மீதிக்கும் நடுவே சாதாரணக் கோடு (-) போடாமல் அடிக்கோடு (_) போடுங்கள். புரோகிராம்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2021இல் தன் டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரியான ரகசியச் சரம்) வடிவத்தை மாற்றியபோது இதையே செய்தது, காரணத்தையும் சொன்னது: டபுள் கிளிக் செய்தால் அடிக்கோடு உள்ள சரம் முழுசாகத் தேர்வாகும், சாதாரணக் கோடு இருந்தால் அங்கே நின்றுவிடும். டோக்கன் வேறு ஐடி வேறுதான், ஆனால் கை வலி ஒன்றுதான். யூயூஐடியை பிரௌசரில் டபுள் கிளிக் செய்து அதன் ஐந்தில் ஒரு துண்டை மட்டும் காப்பி செய்து ஸ்லாக்கில் ஒட்டிய அனுபவம் இல்லாதவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். கிட்ஹப்பின் பழைய டோக்கன் 40 ஹெக்ஸ் எழுத்து (0-9, a-f), கிட் கமிட்டின் (புரோகிராமில் செய்த மாற்றத்தின் பதிவு) ஹாஷும் 40 ஹெக்ஸ் எழுத்து. எது ரகசியம் எது கமிட் என்று ரகசியம் தேடும் ஸ்கேனருக்குக்கூடத் தெரியாது. முன்னொட்டு வந்த பிறகு தெரிகிறது.

நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இசி2 ஐடிகளில் முன்னொட்டுக்குப் பின்னால் வெகுகாலம் 8 ஹெக்ஸ் எழுத்துகள்தான். 8 ஹெக்ஸ் என்றால் சுமார் 429 கோடி. தாராளமாகத் தோன்றும் எண், போதவில்லை. 2016 தொடக்கத்திலிருந்து 17 எழுத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள், விரும்பியவர்கள் முதலில் மாறலாம் என்று அவகாசம் கொடுத்து, சில வகைகளுக்கு 2018 வரை இழுத்தார்கள். அவ்வளவு இழுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் வாடிக்கையாளர்கள் பக்கம் இருந்தது: ஐடிக்குப் பத்து எழுத்து மட்டும் கொள்ளும் நெடுவரிசை வைத்த டேபிள்கள், சரியாக எட்டு ஹெக்ஸ் வேண்டும் என்று கேட்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் (எழுத்து வடிவச் சோதனைகள்). அடுத்தவர் கொடுத்த ஐடியை வெறும் சரமாக மட்டும் பாருங்கள், உள்ளே பிரித்துப் படிக்காதீர்கள், நெடுவரிசையைத் தாராளமாக வையுங்கள்.

இரண்டாவது, பிறந்த நேரம். இதில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

யூயூஐடி என்பது எந்த மெஷினும் யாரையும் கேட்காமல் உருவாக்கிக்கொள்ளும் 128 பிட் ஐடி. அதன் முதல் வகை நேரத்தோடும் மெஷினின் மேக் விலாசத்தோடும் (நெட்வொர்க் கார்டின் எண்) வந்தது. அந்த நேரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது தெரியுமா, 1582 அக்டோபர் 15, கிரெகோரியன் காலண்டர் அமலுக்கு வந்த நாளிலிருந்து, 100 நானோவிநாடி துண்டுகளாக. மேக் விலாசம் இருந்ததால் இரண்டு மெஷின் ஒரே ஐடியைத் தராது. கூடவே எந்த மெஷின் என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். 1999இல் மெலிசா வைரஸ் பரவியபோது வேர்டு ஃபைலுக்குள் இருந்த இந்த வகை ஐடி, எழுதியவரைத் தேடியவர்களுக்கு ஒரு தடயமாகவே கிடைத்தது. நல்லதுக்குத்தான், ஆனால் ஐடிக்குள் நீங்கள் எதை எழுதினாலும் யாரோ ஒருநாள் படிப்பார்கள்.

அதற்குப் பின் எல்லோரும் ஓடிப்போய் ஒண்டிய இடம் நான்காம் வகை. 128 பிட்டில் 122 பிட் முழுக்க ரேண்டம். மோதிக்கொள்ளுமா என்ற பயத்தை ஒரு கணக்கோடு முடித்துவிடலாம்: விநாடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 வருடம் விடாமல் உருவாக்கினால்தான் எங்காவது இரண்டு ஒன்றாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு வரும். ஆகவே கணிதத்தால் மோதல் வராது. ரேண்டம் ரேண்டமாக இல்லாவிட்டால் வரும்.

அது எப்போது இல்லாமல் போகும்? கிளவுடில் அடிக்கடி. ஒரு விஎம் (மெய்நிகர் மெஷின்) ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரியோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து பத்து குளோன் எழுப்பினால், அப்ளிகேஷனுக்குள் இருக்கும் ரேண்டம் ஜெனரேட்டரின் நிலையும் பத்துப் பிரதியாகிவிடும். கவனிக்காவிட்டால் பத்தும் ஒரே வரிசையில் ஒரே எண்களைக் கக்கும். ஏடபிள்யூஎஸ்ஸின் லாம்ப்டா சேவையில், ஸ்னாப்ஷாட்டிலிருந்து வேகமாக எழுப்பும் ஸ்னாப்ஸ்டார்ட் வசதி 2022இல் வந்தபோது இதைப் பற்றி ஏடபிள்யூஎஸ் தனியாகவே எச்சரித்தது: தொடக்கக் கட்டத்தில் யூயூஐடியோ ரேண்டம் விதையோ உருவாக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அது ஸ்னாப்ஷாட்டில் உறைந்துவிடும், அதிலிருந்து எழும் ஒவ்வொன்றும் அதையே பயன்படுத்தும். கிளாஸ் லோடு ஆகும்போது ஒரு ஸ்டாட்டிக் மாறியில் இன்ஸ்டன்ஸ் ஐடியைப் போட்டு வைக்கும் ஜாவா பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அது அப்படியே இந்தக் குழியில் விழும். லினக்ஸில் மெஷின்-ஐடி ஃபைலும் இப்படித்தான். விஎம் டெம்ப்ளேட் செய்யும்போது அதைக் காலி செய்யாமல் விட்டால் எல்லாக் குளோனுக்கும் ஒரே மெஷின்-ஐடி. லினக்ஸின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி விலாசம் வழங்கும் டிஎச்சிபிக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது அதிலிருந்து செய்த அடையாளத்தால் என்பதால், மேக் விலாசம் வேறு வேறாக இருந்தும் எல்லா விஎம்மும் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் நெட்வொர்க் டீமோடு உறவு முறிந்துவிடும்.

நான்காம் வகையின் இன்னொரு செலவு டேட்டாபேஸில் தெரியும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் டேபிள் முழுவதும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியின் முதன்மை அடையாளம்) வரிசையில்தான் 16 கேபி பக்கங்களாக அடுக்கப்பட்டிருக்கும். தானாக ஏறும் எண் என்றால் புது வரி எப்போதும் கடைசிப் பக்கத்தில் போய் விழும். ரேண்டம் என்றால் கண்ட இடத்தில் விழும். நிறைந்த பக்கத்தைப் பிளக்க வேண்டும், மெமரியில் இல்லாத பக்கத்தை டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும். டேபிள் மெமரிக்குள் அடங்கும்வரை எதுவும் தெரியாது, அடங்காத நாளில் திடீரென்று இன்சர்ட் நொண்டும். போதாததற்கு அதை 36 எழுத்துச் சரமாகச் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். 16 பைட்டில் முடியும் விஷயம். இன்னோடிபியின் ஒவ்வொரு செகண்டரி இன்டெக்ஸும் (வேறு நெடுவரிசையை வைத்துத் தேட உதவும் பட்டியல்) பிரைமரி கீயைத் தனக்குள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த அதிகப்படி ஒவ்வொரு இன்டெக்ஸிலும் உட்காரும்.

அதற்கு விடையாக வந்ததுதான் ஏழாம் வகை. 2024 மே மாதம் வெளிவந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9562, 2005இன் ஆர்எஃப்சி 4122ஐ ஓய்வுக்கு அனுப்பிவிட்டு 6, 7, 8 என்று மூன்று புது வகைகளைச் சேர்த்தது. ஏழில் முதல் 48 பிட் மில்லிவிநாடியில் யூனிக்ஸ் நேரம், பிறகு வகை குறிக்கும் சில பிட்கள் போக மீதி 74 பிட் ரேண்டம். வரிசைப்படுத்தினால் ஏறத்தாழ பிறந்த வரிசையில் நிற்கும், டேட்டாபேஸ் இன்டெக்ஸான பி-ட்ரீக்குக் கொண்டாட்டம். யூஎல்ஐடி என்று பலர் முன்பே கையில் வைத்திருந்ததும் கிட்டத்தட்ட இதேதான், 48 பிட் நேரம், 80 பிட் ரேண்டம், எழுதினால் 26 எழுத்து. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 18ஆம் பதிப்பில் ஏழாம் வகைக்கு உள்ளேயே ஒரு ஃபங்ஷன் வந்துவிட்டது. மேக் விலாசம் இல்லை, மாறாத தகவலான பிறந்த நேரம் மட்டும் இருக்கிறது. என் நிபந்தனைக்குப் பொருந்துகிறது.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போடாதீர்கள். கூகுளின் டேட்டாபேஸான ஸ்பேனரில் கீ வரிசைப்படி டேட்டா பிரிந்து பல சர்வர்களில் கிடக்கும். அங்கே ஏறிக்கொண்டே போகும் கீயைப் பிரைமரி கீயாக வைத்தால் புதிதாக எழுதப்படும் வரிகள் எல்லாம் ஒரே துண்டின் கடைசியில் குவியும். நூறு சர்வர் இருந்தாலும் வேலை செய்வது ஒன்று. ஏறும் கீ வேண்டாம், நான்காம் வகையோ பிட்டுகளைத் திருப்பிப்போட்ட எண்ணோ வையுங்கள் என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு மருந்தான அதே குணம் ஸ்பேனருக்கு நோய். ஏடபிள்யூஎஸ்ஸின் டைனமோடிபியில் டேட்டாவைப் பிரிக்கும் பார்ட்டிஷன் கீயை ஹாஷ் செய்துவிடுவதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. எந்த டேட்டாபேஸ் என்று சொல்லாமல் எந்த யூயூஐடி நல்லது என்று கேட்பதில் பொருளே இல்லை.

பிறந்த நேரம் மாறாது, ஆனால் அது ரகசியமாக இருக்கலாம். ஒரு யூசர் எந்த நிமிடம் பதிவு செய்தார் என்பது வெளியே தெரியக்கூடாத சேவைகள் உண்டு. அங்கே வெளியே காட்ட நான்காம் வகை ஒன்று, உள்ளே வேறொன்று.

தொடர் எண்ணை வெளியே காட்டுவது இதைவிட மோசம். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள், பிடிபட்ட ஜெர்மன் டாங்குகளின் பாகங்களில் இருந்த தொடர் எண்களை வைத்தே உற்பத்தியைக் கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத்துறை சொன்னது 1,550. எண்களிலிருந்து வந்த கணிப்பு 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணங்களில் இருந்தது 342. உங்கள் இன்வாய்ஸ் எண் தொடராக ஏறினால், மாதம் ஒரு ஆர்டர் போட்டே போட்டியாளர் உங்கள் வியாபாரத்தை அளந்துவிடலாம். அதே சமயம் ரேண்டம் ஐடி வைத்துவிட்டோம், இனி யாரும் ஊகிக்க முடியாது என்று அனுமதிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். யூயூஐடியை ஊகிக்கவே முடியாது என்று நம்பி எதையும் கட்டாதீர்கள் என்று அந்த ஆர்எஃப்சியிலேயே இருக்கிறது. ஐடி லாகில் விழும், யூஆர்எல்லில் விழும், ஸ்கிரீன்ஷாட்டில் விழும்.

ஸ்னோஃபிளேக்கைப் பற்றி ஒன்றிரண்டு. ட்விட்டர் 2010இல் செய்தது: 64 பிட்டுக்குள் 41 பிட் நேரம், 10 பிட் மெஷின் எண், 12 பிட் தொடர் எண். ஒரு மெஷின் ஒரு மில்லிவிநாடிக்கு 4,096 ஐடி தரலாம், நேரம் சுமார் 69 வருடத்துக்குத் தாங்கும். கையடக்கமானது, நான் மதிக்கும் வடிவமைப்பு. ஆனால் அதை இன்று குபெர்னெட்டிஸில் ஓட்ட நினைக்கிறவர்கள் அந்த 10 பிட்டை யார் பங்கிடுவது என்று முதலில் சொல்ல வேண்டும். பாட்கள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் இடத்தில் 1,024 எண்களை இரண்டு பேருக்கு ஒன்று போகாமல் கொடுத்து வாங்குவதற்கே ஒரு ஒருங்கிணைப்பு சர்வீஸ் வேண்டும். ட்விட்டருக்கு அந்த வேலைக்கு ஜூகீப்பர் இருந்தது. அப்புறம் கடிகாரம் பின்னால் போனால் என்ன செய்வது? ட்விட்டரின் புரோகிராம் ஐடி தர மறுத்துவிடும், அதுதான் சரி. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் எத்தனை அதைச் செய்கின்றன என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்ட். அதன் எண் 53 பிட்டுக்கு மேல் முழு எண்ணைத் துல்லியமாகத் தாங்காது. பிரௌசர் கன்சோலில் 9007199254740993 என்று தட்டி எண்டர் அடியுங்கள், 9007199254740992 என்று திரும்பி வரும். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, வேறொருவருடைய ஐடி. ட்விட்டர் ஏபிஐயில் ஐடியை எண்ணாக ஒரு முறையும் சரமாக இன்னொரு முறையும் அனுப்ப வேண்டி வந்தது இதனால்தான். ஜேசனில் (ஏபிஐகள் டேட்டா அனுப்பும் வடிவம்) ஐடி எப்போதும் மேற்கோள் குறிக்குள் போகட்டும்.

ஐடியை யார் உருவாக்குவது என்பதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை; சர்வர்தானே தரும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மெஷின் வேண்டும் என்று கிளவுடுக்குக் கோரிக்கை அனுப்புகிறீர்கள், பதில் வரவில்லை, டைம்-அவுட். உருவானதா இல்லையா? தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு மெஷின் வரலாம், மாதக் கடைசியில் இரண்டுக்கும் பில் வரும். அனுப்பாவிட்டால் ஒன்றும் வராமல் போகலாம். அனுப்புகிறவரே ஒரு ஐடியை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்பினால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. அதே ஐடியோடு எத்தனை முறை கேட்டாலும் சர்வர் அதே மெஷினைக் காட்டும். இசி2வில் கிளையன்ட் டோக்கன் என்று இதற்காகவே ஒன்று இருக்கிறது. ஒரே நிபந்தனை, அந்த டோக்கனை ரீட்ரை லூப்புக்கு (மறுபடி மறுபடி முயலும் சுற்றுக்கு) வெளியே உருவாக்க வேண்டும். லூப்புக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது டோக்கன், கோடு பார்க்க அழகாக இருக்கும், பயன் பூஜ்யம். கோடு ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இன்று புதிதாக ஒரு சர்வீஸ் தொடங்கினால் என் கை தானாகப் போகும் இடம் இது: வகைக்கு இரண்டு மூன்று எழுத்து முன்னொட்டு, அடிக்கோடு, பிறகு ஏழாம் வகை யூயூஐடியை பேஸ்32இல் (32 எழுத்துகளால் எழுதும் முறை) எழுதியது. சிஸ்டத்துக்குள் சேமிப்பது முன்னொட்டு இல்லாத 16 பைட், முன்னொட்டு ஏபிஐ எல்லையில் ஒட்டப்படும், எல்லையில் கழற்றப்படும். மனிதர்கள் வைக்கும் பெயர் தனி நெடுவரிசையில், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பேஸ்32இல் கிராக்ஃபோர்டு வகையை எடுங்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் ஐ, எல், ஓ எழுத்துகளை அது நீக்கிவிட்டது. யூ எழுத்தையும் எடுத்துவிட்டார்கள், தற்செயலாகக் கெட்ட வார்த்தை வந்துவிடக்கூடாது என்று. குபெர்னெட்டிஸ் பாட் பெயரின் வாலில் வரும் ஐந்தெழுத்திலும் ஆங்கில உயிரெழுத்துகள் ஒன்றுகூட இராது, அதே காரணம்தான். மிஞ்சிய 27 எழுத்துகளில் ஐந்து என்றால் சுமார் 1.43 கோடி சேர்க்கை, ஒரு ரெப்ளிகாசெட்டுக்கு (ஒரே பாடின் பிரதிகளின் தொகுதி) அது ஏகம்.

ஏற்கெனவே தானாக ஏறும் எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும் டேபிள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரைமரி கீயைத் தொடாதீர்கள். அது உள்ளுக்குள் டேபிள்களை ஜாயின் செய்ய அருமையான கீ, சின்னது, வேகமானது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேருங்கள், பழைய வரிகளுக்கு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள், வெளியே போகும் எல்லா இடத்திலும் அதையே அனுப்புங்கள். பழைய வரிகளுக்கு ஏழாம் வகையை உருவாக்கும்போது இன்றைய நேரத்தைப் போடாமல் அந்த வரி உருவான நேரத்தைப் போட்டால் வரிசை கலையாது. கொஞ்ச காலம் ஏபிஐ இரண்டையும் ஏற்றுக்கொள்ளட்டும். எண்ணோடு வரும் அழைப்புகளை மட்டும் தனியாக லாக் செய்து, யார் இன்னும் பழையதைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று பார்த்து அவர்களோடு பேசி மாற்றிவிட்டு, அந்த லாக் சில வாரம் காலியாகவே இருந்தால் பழைய வழியை மூடிவிடலாம். கடைசி வரை அந்த லாகில் நிற்பது பெரும்பாலும் உங்கள் சொந்த ஃபைனான்ஸ் டீமின் எக்செல் ஷீட்டாகத்தான் இருக்கும்.